இடம் பிடித்த மீனின் நிறம்

மும்பையில் குர்லாவின் மீன் கடைகளிலோ கிராஃபர்ட் மார்க்கெட்டிலோ சிக்லிட் மீனைப் பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்வளவு பேச்சு?" என்று திரும்பிவிடுகிறவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒளிய ஒரு கல்கூட இல்லாத வெறும் தொட்டியில் நெருக்கியடித்து நிற்கும்போது சிக்லிட் வெளிறித்தான் கிடக்கும். கப்பிக்கும் தங்கமீனுக்கும் நிறம் பரம்பரையாக வருவது. பல சிக்லிட் ஆண்களுக்கோ அது அந்தஸ்து. சொந்தமாக ஒரு பொந்து கிடைத்து, அதை மற்றவர்களிடமிருந்து காத்துக்கொண்டால் உடம்பு மின்னத் தொடங்கும். அந்த இடம் பறிபோனால் கண்ணெதிரே மங்கிவிடும். தாங்கனீக்கா ஏரிப் பகுதியைச் சேர்ந்த பர்ட்டனி என்ற சிக்லிட்டை வைத்து ஸ்டான்ஃபோர்டில் ரஸ்ஸல் ஃபெர்னால்ட் பல ஆண்டுகள் ஆராய்ந்தது இதைத்தான். இடம் பிடித்த ஆணுக்கு மூளையின் நரம்பணுக்களிலேயே மாற்றம் வருகிறது என்று அவர் காட்டினார்.

ஆகவே இந்த மீனை வளர்ப்பதில் கலை என்று ஒன்று இருந்தால், அது மீனைத் தேர்ந்தெடுப்பதில் இல்லை, கல் அடுக்குவதில் இருக்கிறது.

எங்கள் சீத்தா கேம்ப்பில் மூன்றடித் தொட்டி என்பதே பெரிய காரியம். 1976இல், நெருக்கடிநிலைக் காலத்தில், பாபா அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனியைக் காலிசெய்து, அங்கிருந்தவர்களைக் கொண்டுவந்து இறக்கிய ஊர் இது. இங்கே வீட்டின் ஒவ்வோர் அடிக்கும் ஒரு வேலை உண்டு. மூன்றடி நீளம், ஒன்றேகாலடி அகலம், ஒன்றேகாலடி உயரம் என்றால் நிறைத்தால் ஏறத்தாழ 130 லிட்டர். கல், கண்ணாடி, இரும்பு ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்தால் இரண்டு ஆள் எடையைத் தாண்டும். மேல்தட்டில் ஏற்றக் கூடாது. கீழ்வீட்டில், சுவரோரமாக, வெயில் படாத பக்கம்தான் அதற்கு இடம்.

தண்ணீர் விஷயத்தில் நாங்கள் பாக்கியசாலிகள் என்றே நினைக்கிறேன். குழாயில் நேரம் பார்த்து வருவதால் ட்ரம்மில் பிடித்து வைப்பது இங்கே எல்லா வீட்டிலும் பழக்கம். மூடாமல் ஓரிரு நாள் நின்றால் அதிலுள்ள குளோரின் பெரும்பாலும் போய்விடும். மீனுக்கு அதைவிட என்ன வேண்டும்? ஆனால் பாட்சா, வைத்தர்ணா ஏரிகளில் சேர்ந்த மழைநீர் இது, மென்மையானது. அமேசான் பக்கத்து ஏஞ்சலுக்கும் டிஸ்கஸுக்கும் அது உகந்தது. நான் மனம் கொடுத்த மலாவி ஏரி சிக்லிட்டுகளுக்குக் கடினநீர் வேண்டும், காரத்தன்மை பி.ஹெச். 7.8 முதல் 8.6 வரை. அதற்காக ஃபில்டருக்குள் நொறுக்கிய சிப்பி ஓட்டைப் பையில் கட்டிப் போடுகிறேன். புதுத் தண்ணீர் ஊற்றும்போது கொஞ்சம் ஆப்பசோடாவும் கரைத்துச் சேர்ப்பேன். பவளப்பாறைத் துண்டைத் தேடிப் போக வேண்டாம், அது வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளது. வெப்பநிலையைப் பற்றிக் கவலையே இல்லை. ஜனவரியின் சில குளிர்ந்த நாட்களைத் தவிர மும்பைக்கு ஹீட்டர் தேவைப்படாது.

கல்லுக்கு வருகிறேன். மும்பை கிடப்பதே எரிமலைக் குழம்பு உறைந்த கருங்கல்லின் மேல். அந்தக் கல்லையே கழுவித் தேய்த்து அடுக்கினால், எலக்ட்ரிக் எல்லோ என்று கடைக்காரர்கள் சொல்லும் மஞ்சள் லேபிடோகுரோமிஸ் அதன் முன்னால் வந்து நிற்கும்போது வேறெந்த அலங்காரமும் தேவைப்படாது. முதலில் தெர்மோகோல், அதன்மேல் கல், கடைசியில்தான் மணல். மணலின் மேல் கல்லை வைத்தால் மீன் அடியில் தோண்டித் தோண்டி ஒருநாள் சரித்துவிடும், கண்ணாடியும் போகும். பொந்துகள் ஒன்றையொன்று பார்க்காதபடி திரும்பியிருக்க வேண்டும். ஒரு பொந்தில் இருப்பவன் அடுத்தவனைப் பார்க்காவிட்டால் பாதிச் சண்டை குறையும். மீதியைக் குறைக்கக் கொஞ்சம் கூட்டமாகவே வளர்க்க வேண்டும், ஓர் ஆணுக்கு மூன்று நான்கு பெண் என்ற கணக்கில். அப்போதுதான் ஒரே மீன் எல்லா அடியையும் வாங்காது. தொட்டியில் நல்ல பாக்டீரியா ஊன்ற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை பொறுக்க முடியாதவர்கள் இந்த மீனைத் தொடவே வேண்டாம்.

உணவில் நான் கண்டிப்பு. பாறையின் பாசியைச் சுரண்டித் தின்று வாழ்ந்த குலத்துக்குப் புழுவை அள்ளிப் போட்டால் வயிறு உப்பிச் சாகலாம். ஸ்பைருலினா, வெந்த பட்டாணி, பாலக்கீரை போதும்.

பக்கத்து வீட்டு அக்கா ஒருமுறை தொட்டியருகே நின்று, "அண்ணாச்சி, இந்த மீனு ஏன் வாயத் தொறக்கவே மாட்டேங்கு? சீக்கா?" என்று கேட்டார். சீக்கு இல்லை, தாய்மை. பெண் மீன் முட்டையிட்ட உடனே அவற்றை வாயில் அள்ளிக்கொள்கிறது. ஆணின் அடித்துடுப்பில் முட்டை போன்ற மஞ்சள் புள்ளிகள் உண்டு. பெண் அவற்றையும் முட்டையென்று எண்ணி வாயில் எடுக்கப் போகும்போது, ஆணின் விந்து வாய்க்குள் சேர்ந்து முட்டைகள் கருவுறுகின்றன. இந்தப் போலி முட்டைகளின் வேலையை வோல்ஃப்காங் விக்லர் 1962இல் எழுதினார். பிறகு மூன்று வாரம் போலத் தாய் ஏறக்குறைய பட்டினி. தாடை புடைத்து, கல் நிழலை விட்டு வராமல், உள்ளே குஞ்சுகளைப் புரட்டிப் புரட்டி வைத்திருக்கும் அந்தப் பொறுமையை அக்காவுக்குச் சொன்னபோது, அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஹார்மோன் தீவனம் கொடுத்துக் குஞ்சிலேயே நிறம் ஏற்றிய பீக்காக் சிக்லிட்டுகளும் சந்தைக்கு வருகின்றன. அவற்றை வாங்காதீர்கள். அந்த நிறம் நிற்காது. மீன் தானே சம்பாதித்த நிறமும் அல்ல அது. நெற்றி புடைத்த ஃபிளவர்ஹார்னை வீட்டுக்கு அதிர்ஷ்டம் என்று தனியாக அடைத்து வைக்கிறார்கள். 1990களில் மலேசியாவில் கலப்பினமாக உருவானது அது. அதன் அழகை மறுக்கவில்லை. ஆனால் பக்கத்தில் வேறு மீன் இல்லாத சிக்லிட்டில் எனக்குப் பார்க்க அதிகம் இல்லை.

நமக்கே சொந்தமான சிக்லிட்டுகள் இருப்பது பலருக்குத் தெரியாது. சந்தையில் வாங்கும் ஜிலேபிக் கெண்டையும் இந்தக் குடும்பம்தான், ஆனால் அது 1952இல் வெளியிலிருந்து வந்தது. மண்ணின் மீன்கள் வேறு. கேரளம் 2010இல் மாநில மீனாக அறிவித்த கரிமீன் ஒன்று. அதைவிடச் சிறிய, ஆரஞ்சு உடம்பில் கரும்புள்ளி கொண்ட பள்ளத்தி இன்னொன்று. பள்ளத்தியின் குஞ்சுகள் தாய் தந்தையின் உடலில் ஊறும் வழுவழுப்பையே கொறித்து வளர்கின்றன. தாயும் தந்தையும் சேர்ந்தே காவல் நிற்கின்றன. பெரிய கரிமீனின் உடம்பை மொய்த்துச் சுத்தம் செய்வதும் இந்தப் பள்ளத்திதான். நான்கடித் தொட்டிக்கு இடம் ஒழிந்தால், சிப்பி ஓடு போட்ட கடினநீரில் இந்த இரண்டையும் குஞ்சிலிருந்து சேர்த்து வளர்த்துப் பார்க்க வேண்டும். மலாவிக்காரர்கள் மூன்றடியில் இருந்துகொள்ளட்டும்.