பண்பாட்டு வட்டமும் நடத்துவோர் கடனும்

பவுலோ பிரெயிரே என்னும் பிரேசில் நாட்டு ஆசிரியர், தாய்நாடு துறந்து சிலியில் உறைந்த காலத்து, 1968-இல் எழுதிமுடித்த 'ஒடுக்கப்பட்டோர்க்கான கல்விமுறை' என்னும் நூல், பல்வேறு நிலையினர் ஒருங்கிருந்து நீதிகுறித்து உரையாடுதற்கு வழிகாட்டியாகப் பலராலும் போற்றப்படுகின்றது. அதன் குணமும் குற்றமும் நாடுதல் ஈண்டு எம் நோக்கமாம்.

மாணாக்கரை வெறுங்கலமெனக் கருதி ஆசிரியர் தாம் வேண்டியதை இட்டு நிரப்பும் முறையை இவர், வங்கியிற் பணம் இடுதலோடு ஒப்பிட்டுக் கடிகின்றார். இஃது ஏட்டளவில் நின்ற கொள்கையன்று. 1963-இல் ஆங்கிக்கோசு என்னும் ஊரில் ஏறத்தாழ 300 தொழிலாளர்க்கு 40 மணி நேர அளவில் எழுத்தறிவித்தபோது, வகுப்பு என்னாது 'பண்பாட்டு வட்டம்' என்றே வழங்கினர். இம்முறையில் பாடச்சொற்கள் கற்போர் வாழ்க்கையினின்றே கொள்ளப்படும். கட்டடத் தொழிலாளர்க்குச் செங்கல்லைக் குறிக்கும் 'திஜோலோ' என்பது பாடமாயின், அதன் அசைகளைப் பிரித்துப் புதுச்சொல் ஆக்கப் பயிலுங்காலே, பிறர்க்கு மனை எடுக்கும் தமக்கு மனையின்மை ஏன் என்னும் வினாவும் எழும். எழுத்தறியாதார்க்கு அந்நாட்டில் 1985 வரை வாக்குரிமை இன்மையின், அவ்வெழுத்து உரிமைக்கும் வாயிலாயிற்று. 1964-இல் எழுந்த படையாட்சி அத்திட்டத்தை நிறுத்தி அவரைச் சிறையிட்டதும் இதனாலன்றோ?

இனி, குறை கூறுவாம். வட்டத்தில் யாவரும் ஒப்பர் என்ப. ஆயின் சொற்களைத் தெரிந்தெடுப்பார் யார்? ஓவியங்காட்டி வினவுவார் யார்? நடத்துவோரே. முடிபை முன்னரே உட்கொண்டு அதன்பால் உய்க்க வினவுவாராயின், அதுவும் கலத்தை நிரப்புதலே. ஓசை மட்டும் வினாவோசை. அற்றேல், அவர் தம் கருத்தை மறைத்து வாளாவிருத்தல் தகுமோ எனின், தகாது. வலியார்க்கும் மெலியார்க்கும் இடையே வாளாவிருத்தல் வலியார் பக்கம் நிற்றலேயாம். தம் கருத்தை வெளிப்பட மொழிந்து, அதனையும் பிறர் வினாவிற்கு உட்படுத்துதலே கடன்.

மற்றொரு குறையும் உண்டு. ஒடுக்குவோர், ஒடுக்கப்படுவோர் என மக்களை இருபாற்படுத்துரைத்தல் முற்றும் பொருந்துவதன்று, என்னை? வயலில் ஒடுக்கப்படுவான் இல்லத்தில் ஒடுக்குவோனாதலும் காண்டலின். இந்நூல் மாந்தரைக் குறிக்க ஆண்பாற்சொல்லையே வழங்கியதைப் பெண்டிர் பலர் கடிதவழிச் சுட்டினர். 1992-இல் வெளியான 'நம்பிக்கையின் கல்விமுறை' என்னும் நூலில் அக்குற்றத்தை அவர் ஒப்புக்கொண்டார். ஆசிரியரையே திருத்தவல்ல உரையாடலன்றோ உரையாடல்!

ஆகலின், வட்டம் நடத்தப் புகுவோர் இந்நூலைக் கற்பாராக. கற்றபின், தம் வட்டத்தில் பேசினார் எத்துணையர் என எண்ணி மகிழாது, வாய்திறவாதார் யாவர், ஏன் திறந்திலர் என ஆராய்வாராக.