பதுங்கிய இடங்கள்

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இங்கிலாந்துக்காரர்கள் நெளிதகடுகளை வளைத்துக் கொல்லையில் பாதி புதைத்து, மேலே மண் கொட்டிப் பதுங்குகுழி செய்துகொண்டார்கள். சிங்கப்பூரின் தேக்கா வட்டாரக் கடைவீடுகளுக்குக் கொல்லை ஏது? தீவில் பல இடங்களில் கொஞ்சம் தோண்டினாலே நீர் ஊறும். குழிகளில் கொசு பெருகி மலேரியா வருமென்றும் அரசு தயங்கியது.

1941 டிசம்பர் 8, விடியுமுன் ஜப்பானியரின் முதல் குண்டுகள் விழுந்தன. பிறகு வந்த நாட்களில் சிராங்கூன் சாலை மக்கள் பலர் ஓடி ஒடுங்கியது வீரமாகாளியம்மன் கோயிலுக்குள்தான். கோயிலும் சிலைகளும் சேதமின்றித் தப்பின. அந்தத் தூண்களருகே நிற்கும்போதெல்லாம் எனக்குக் குரல் தணிந்துவிடும்.

அடுக்குமாடிக்குள்ளேயே கட்டிய பதுங்குகூடம் ஒன்று தியோங் பாருவில், குவான் சுவான் ஸ்திரீட் 78ஆம் புளோக்கின் அடியில் இன்னும் இருக்கிறது. ஏறத்தாழ 1,600 பேர் கொள்ளும். பூச்சில்லாத செங்கல் சுவர்கள். அவற்றைத் தொட்டால் கையில் ஒட்டும் ஈரம். எத்தனை அழகான முரட்டு வேலை! அமைதிக்காலத்தில் பிள்ளைகள் விளையாடவும் உதவும் என்று நினைத்தே அதைக் கட்டினார்களாம்.

1990களின் இறுதியிலிருந்து கட்டப்பட்ட வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் தடித்த சுவரும் இரும்புக் கதவுமாகப் புகலறை இருக்கிறது. எங்கள் வீட்டில் அதற்குள் அரிசி மூட்டையும் பொங்கல் பானையும் இருக்கின்றன. அம்மா மட்டும் கதவருகே இரண்டு முழ இடத்தை எப்போதும் காலியாக வைத்திருப்பார்.