புகலிடமும் பல்கலைக்கழகமும்: ஒரு சட்ட வாசகம் பற்றிய விமர்சன நோக்கு

அகதிகளின் உயர்கல்வி பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதனை இரக்கத்தின் பாற்பட்ட விடயமாகவே கொள்கின்றனர். புலமைப்பரிசில்கள் சில, நன்கொடைகள் சில, இடர்களைக் கடந்து பட்டம் பெற்ற ஓரிருவரின் கதைகள் ஆகியவற்றோடு பேச்சு முற்றுப்பெற்றுவிடுகின்றது. அகதி மாணவர் பல்கலைக்கழக வாயிலில் எந்த விதியினால் தடுக்கப்படுகின்றார், அவ்விதி எத்தகைய சமூகச் சூழலில் வலுப்பெற்றது என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. 1951 ஆம் ஆண்டின் அகதிகள் அந்தஸ்துத் தொடர்பான சமவாயத்தின் 22 ஆம் உறுப்புரையை மையமாகக் கொண்டு அவ்வினாக்களை ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

முதலில் பிரச்சினையின் பரிமாணத்தை நோக்குவோம். ஐக்கிய நாடுகள் அகதிகளுக்கான உயர் ஸ்தானிகராலயத்தின் கணிப்பின்படி, 2019 இல் உயர்கல்வி பெறும் வயதிலிருந்த அகதிகளுள் 3 சதவீதத்தினரே உயர்கல்வி நிறுவனங்களில் பயின்றனர். இத்தொகையை 2030 இல் 15 சதவீதமாக்குவது அவ்வமைப்பின் இலக்கு. 2024 இல் வெளியான அறிக்கை அது 7 சதவீதத்தை எட்டியதாகக் கூறியது. உலக மக்களின் பொதுச் சராசரியோ 40 சதவீதத்துக்கு மேற்பட்டது. இவ்விடைவெளியை அகதிகளின் ஆற்றற் குறைவால் விளக்க முடியாது. போரும் வறுமையும் இடைநிலைக் கல்வியின் இழப்பும் இதற்குப் பெருங் காரணங்களாகும். ஆனால் அவற்றையெல்லாம் கடந்து வாயில்வரை வந்தவர்களும் திருப்பி அனுப்பப்படுகின்றனர் என்பதே எமது கவனத்துக்குரியது.

22 ஆம் உறுப்புரை இரு கூறுகளைக் கொண்டது. ஆரம்பக் கல்வியில் அகதிகளைத் தன் சொந்தப் பிரசைகளைப் போலவே அரசு நடத்தல் வேண்டும் என்பது முதற் கூறு. ஏனைய கல்வியைப் பொறுத்தவரை, இயன்றளவு சாதகமாகவும், எந்நிலையிலும் அதே சூழ்நிலையிலுள்ள பிறநாட்டவர்க்குப் பொதுவாக வழங்கப்படுவதிலும் குறையாத வகையிலும் நடத்தல் வேண்டும் என்பது இரண்டாம் கூறு. கற்கைநெறிக்கான அனுமதி, பிறநாட்டுச் சான்றிதழ்களை ஏற்றல், கட்டண விலக்கு, புலமைப்பரிசில் ஆகிய நான்கும் இதில் வெளிப்படையாகச் சுட்டப்பட்டுள்ளன.

இவ்விரு கூறுகளுக்குமிடையே அளவுகோல் மாறிவிடுகின்றது என்பதைக் கவனித்தல் வேண்டும். ஆரம்பப் பாடசாலையில் அகதிப் பிள்ளை உள்நாட்டுப் பிள்ளையோடு ஒப்பிடப்படுகின்றது. அதே பிள்ளை வளர்ந்து பல்கலைக்கழக வாயிலை அடையும்போது பிறநாட்டவரோடு ஒப்பிடப்படுகின்றது. முன்னது உரிமையின் மொழி. பின்னது சலுகையின் மொழி. 1948 ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனம் தனது 26 ஆம் உறுப்புரையில் உயர்கல்வி தகுதியின் அடிப்படையில் யாவர்க்கும் சமமாகத் திறந்திருத்தல் வேண்டும் என்றது. மூன்றாண்டுகளின் பின் தோன்றிய சமவாயமோ தகுதிக்கு முன்னர் வகைப்பாட்டை நிறுத்திவிட்டது.

யார் இந்தப் பிறநாட்டவர்? இவ்வினாவுக்கான விடை காலத்தோடு மாறியது. பிரித்தானியாவின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். 1967 இலேயே அங்கு வெளிநாட்டு மாணவர்க்கென வேறான கட்டணம் புகுத்தப்பட்டது. உள்நாட்டவர்க்கு 70 பவுணாக இருந்தது, வெளிநாட்டவர்க்கு 250 பவுணாயிற்று. 1980-81 கல்வியாண்டிலிருந்து கல்விச் செலவு முழுவதையும் வெளிநாட்டு மாணவரே செலுத்த வேண்டும் என விதிக்கப்பட்டது. அரச மானியம் சுருங்கச் சுருங்க, வெளிநாட்டு மாணவர் பல்கலைக்கழகத்தின் வருவாய் மூலமாக மாறினர். 1951 இல் அதிக தீங்கின்றி எழுதப்பட்ட வாசகம், கல்வி பண்டமாக்கப்பட்ட சூழலில் பெருந் தடையாயிற்று. சொற்கள் மாறவில்லை, அவற்றின் கீழிருந்த பொருளாதாரம் மாறியது.

இன்று வெளிநாட்டு மாணவர் எனப்படுபவர் பெரும்பாலும் குடும்பத்தின் பணவலிமையும், செல்லுபடியாகும் கடவுச்சீட்டும், முழுமையான சான்றிதழ்களும், தேவைப்படின் திரும்பிச் செல்ல ஒரு நாடும் உடையவர். அகதி என்பவர் இவற்றை இழந்தவர். இவ்விருவரையும் ஒரே வகைக்குள் அடக்கிச் சமமாக நடத்துவதாகக் கூறுவது, சமத்துவத்தின் பெயரால் நிகழும் சமமின்மையே எனலாம்.

பிரித்தானியாவில் அகதி அந்தஸ்துப் பெற்றவர் உள்நாட்டு மாணவராகக் கணிக்கப்படுகின்றார். ஆனால் விண்ணப்பத்தின் முடிவுக்காகக் காத்திருப்பவர் பொதுவாக வெளிநாட்டுக் கட்டணத்துக்கு உட்பட்டவர். அரச மாணவர் கடனும் அவருக்கில்லை. வேலை செய்யும் அனுமதியும் பெரும்பாலும் இல்லாத ஒருவரிடம் இக்கட்டணத்தைக் கேட்பது, அனுமதி இல்லை என்று கூறுவதற்கு ஒப்பானதே. சில பல்கலைக்கழகங்கள் தாமாகவே முன்வந்து இத்தகையோருக்குக் கட்டண விலக்கும் புலமைப்பரிசிலும் வழங்குகின்றன. அவை பாராட்டுக்குரியவை. எனினும் ஒரு நிறுவனத்தின் நல்லெண்ணத்தில் தங்கியிருப்பது உரிமையாகாது.

அவுஸ்திரேலியாவுக்குக் கடல்வழி சென்ற ஈழத்தமிழர் பலரின் அனுபவமும் இதனை ஒத்ததே. தற்காலிகப் பாதுகாப்பு விசா வழங்கப்பட்டவர்கள் அகதிகளென ஏற்கப்பட்ட பின்னரும் பல்கலைக்கழகக் கட்டணத்தில் வெளிநாட்டு மாணவராகவே கொள்ளப்பட்டனர். அந்நாட்டுப் பாடசாலைகளிலேயே படித்துச் சிறந்த பெறுபேறு பெற்றவர்களும் இதற்கு விலக்கல்லர். 2023 பெப்ரவரியில் இத்தகைய விசா உடையோர்க்கு நிரந்தர வதிவிடத்துக்கான வழி திறக்கப்பட்டது. ஆயினும் கற்க வேண்டிய பருவத்தைக் காத்திருப்பில் கழித்தவர்க்கு அவ்வாண்டுகள் மீளக் கிடைக்கப்போவதில்லை.

கட்டணத்துக்கு அடுத்த தடை சான்றிதழ். எரிந்த வீட்டிலிருந்து வெளியேறியவர் பரீட்சைப் பெறுபேற்றைத் தேடி எடுத்துக்கொண்டு வருவார் என எதிர்பார்க்க முடியாது. துன்புறுத்திய அரசிடமே அதன் பிரதியைக் கேட்டுப் பெறுமாறு பணிப்பதும் பொருந்தாது. இவ்விடத்தில் சமவாயத்தின் 6 ஆம் உறுப்புரை நினைவுகூரத்தக்கது. "அதே சூழ்நிலை" என்னும் தொடரை விளக்கும் அவ்வுறுப்புரை, அகதி தன் நிலைமையின் இயல்பினால் நிறைவேற்ற இயலாத நிபந்தனைகளுக்கு விலக்கு அளிக்கின்றது. 22 ஆம் உறுப்புரையின் குறுகிய வாசிப்பை மறுப்பதற்கான கருவி இவ்வாறு அதே ஆவணத்தினுள்ளேயே இருக்கின்றது. நிர்வாகிகள் ஒன்றைப் படித்து மற்றையதைப் படியாது விடுகின்றனர்.

இது நடைமுறைக்கு ஒவ்வாத வாதமன்று. உயர்கல்வித் தகைமைகளை ஏற்பது பற்றிய 1997 ஆம் ஆண்டின் லிஸ்பன் சமவாயம், ஆவணச் சான்று இல்லாத அகதிகளின் தகைமையையும் மதிப்பிட வழிசெய்யுமாறு அரசுகளைக் கோரியது. ஜேர்மனியின் மாநிலக் கல்வி அமைச்சர்கள் 2015 டிசெம்பரில் இத்தகைய விண்ணப்பதாரர்க்கான நடைமுறையை வகுத்தனர். நோர்வேயின் அனுபவத்தை அடியொற்றி, நேர்முகத்தின் மூலமும் கிடைக்கும் சான்றுகளின் மூலமும் தகைமையை மதிப்பிடும் முறையை ஐரோப்பிய மன்றம் 2017 இல் கிரேக்கத்தில் பரீட்சித்தது. 2019 இல் நிறைவேற்றப்பட்டு 2023 இல் நடைமுறைக்கு வந்த யுனெஸ்கோவின் உலகச் சமவாயமும் அகதிகளின் தகைமைகளைக் கருத்திற் கொண்டுள்ளது. எனவே வழி தெரியாமையைக் காரணமாகக் காட்ட இனி இடமில்லை.

அகதிக் கல்விக்கு ஆதரவானோர் முன்வைக்கும் வாதம் ஒன்றையும் விமர்சன நோக்கில் அணுக வேண்டியுள்ளது. 1933 இல் நாசி ஆட்சி யூத அறிஞர்களையும் மாற்றுக் கருத்தினரையும் பல்கலைக்கழகங்களிலிருந்து வெளியேற்றியபோது, பிரித்தானியாவில் பெவரிட்ஜின் முயற்சியாலும் ரதபோர்டின் தலைமையிலும் கல்வியாளர் உதவிச் சபை தோன்றியது. பல்கலைக்கழக உலகின் பெருமைக்குரிய செயல்களுள் அதுவும் ஒன்று. 1992 முதல் உயர் ஸ்தானிகராலயம் ஜேர்மன் அரசின் உதவியோடு வழங்கிவரும் புலமைப்பரிசிலும் அல்பேர்ட் ஐன்ஸ்டீனின் பெயரையே தாங்கியுள்ளது. இம்மரபிலிருந்தே, இன்றைய அகதியுள் நாளைய ஐன்ஸ்டீன் இருக்கலாம் என்னும் வாதம் எழுகின்றது. அதன் நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. ஆயினும் அவ்வாதம் மேதைக்கு மட்டுமே கதவைத் திறக்கின்றது. உள்நாட்டு மாணவர் சாதாரண ஆற்றலோடு பல்கலைக்கழகம் புகலாம். அகதி மாணவர் மட்டும் அசாதாரணராக இருத்தல் வேண்டுமா? தாதியாக, ஆசிரியையாக, கணக்காளராக வர விரும்பும் பெண்ணின் உரிமை எவ்வகையிற் குறைந்தது?

எமது மக்களின் வரலாறு இப்பிரச்சினையின் இன்னொரு முகத்தைக் காட்டுகின்றது. இந்தியா 1951 ஆம் ஆண்டுச் சமவாயத்தில் இணையாத நாடு. எனினும் 1983 இன் பின் தமிழகம் சென்ற அகதிகளின் பிள்ளைகளுக்கு அங்குள்ள பாடசாலைகளும் கல்லூரிகளும் திறக்கப்பட்டன. 1984 இல் உருவான ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம் மாணவரின் கல்விக்கு ஆற்றிய பணி பெரிது. ஆனால் 1991 மே மாதம் ராஜீவ் காந்தி கொலையுண்டதை அடுத்து அக்கல்வி வசதிகள் கட்டுப்படுத்தப்பட்டன. கொலையோடு தொடர்பற்ற மாணவர்களும் அதன் விளைவைச் சுமந்தனர். பின்னர் அவ்வசதிகள் படிப்படியாக மீண்டன. 2021 இல் மாநில அரசு அறிவித்த 317 கோடி ரூபா நலத்திட்டத்திலும் கல்விக்கு இடமிருந்தது. தமிழகத்தின் பெருந்தன்மையை மறுப்பது நன்றி கொன்றதாகும். ஆனால் சட்டத்தில் வேர்கொள்ளாத பெருந்தன்மை அரசியற் காற்றுக்கேற்ப அசையும் என்பதே 1991 தரும் பாடமாகும்.

இனி எம் நாட்டை நோக்குவோம். இலங்கையும் இச்சமவாயத்தில் இணையவில்லை. பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் முதலிய நாடுகளிலிருந்து வந்தோர் உயர் ஸ்தானிகராலயத்தின் பதிவோடு மூன்றாம் நாடொன்றுக்கான வழியை எதிர்பார்த்து இங்கு வாழ்ந்துள்ளனர். 2019 ஏப்ரல் தாக்குதல்களை அடுத்து, நீர்கொழும்பில் இவர்களுள் நூற்றுக்கணக்கானோர் வாடகை வீடுகளிலிருந்து வெளியேற நேர்ந்தது. 2024 டிசெம்பரில் நூற்றுக்கு மேற்பட்ட ரோஹிங்யா மக்கள் படகொன்றில் முல்லைத்தீவுக் கடலை வந்தடைந்தனர். 2012 இன் பின் தம் சொந்த மாநிலத்துப் பல்கலைக்கழகத்திலேயே இடம் மறுக்கப்பட்ட சமூகத்தினர் இவர்கள். தரப்படுத்தலின் கசப்பை 1970களில் அனுபவித்த சமூகத்துக்கு, தகுதிக்கு முன்னர் வகைப்பாடு வந்து நிற்பதன் கொடுமையை விளக்க வேண்டியதில்லை.

சமவாயத்தில் இணையாமை பொறுப்பிலிருந்து விடுதலை தராது. பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையை இலங்கை 1980 இல் ஏற்றது. அதன் 13 ஆம் உறுப்புரை உயர்கல்வியை ஆற்றலின் அடிப்படையில் யாவர்க்கும் உரியதாக்குகின்றது. ஆகவே இங்குள்ள அகதிப் பிள்ளைகளுக்கு அரச பாடசாலைக் கல்வியும் பொதுப் பரீட்சைக்குத் தோற்றும் வாய்ப்பும் உறுதிசெய்யப்படல் வேண்டும். தகுதி பெறுவோர்க்குக் குறைந்த எண்ணிக்கையிலேனும் பல்கலைக்கழக இடங்கள் ஒதுக்கப்படல் வேண்டும். ஆவணமற்றோரின் தகைமையை மதிப்பிடும் முறையும் வகுக்கப்படல் வேண்டும். எண்ணிக்கையில் இவர்கள் மிகச் சிலரே. எனவே இலவசக் கல்வியின் சுமை இதனால் பெருகும் என்னும் எதிர்வாதம் வலுவற்றது.

பிறநாட்டுப் பல்கலைக்கழகங்களின் வாயில்களில் எம்மவர்க்காக நாம் கேட்கும் நீதியை எமது வாயிலில் நிற்போர்க்கு மறுப்போமாயின், நாம் கேட்பது நீதியன்று, சலுகையே. பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களும் மாணவர் அமைப்புகளும் இக்கோரிக்கையைத் தம்முடையதாக்கி, உரிய அதிகாரிகளின் முன்வைத்தல் காலத்தின் தேவையாகும்.