சுமேசி மறியலும் அல் அவீர் குளிசைகளும்

பென்யாமினின் 'ஆடு ஜீவிதம்' (2008) பற்றி எம்மவர் கதைக்கும்போதெல்லாம் பாலைவனம், ஆடுகள், அர்பாப் என்றே கதைக்கிறார்கள். 2024இல் பிளெஸ்ஸியின் படம் வந்தபோது பிருதிவிராஜ் எத்தனை கிலோ மெலிந்தார் என்பதுதான் பேச்சு. என்னைக் கேட்டால் அந்த நாவலின் கனமான பக்கங்கள் றியாத்தின் சுமேசி மறியலில் நடப்பவைதான். நஜீபும் ஹமீதும் பத்தா பொலிஸ் நிலையத்தின் முன்னால் தங்களைப் பிடிக்கமாட்டார்களா என்று நிற்கிறார்கள். ஒருவரும் பிடிக்கிறார்களில்லை. உள்ளே போனபிறகு நேரத்துக்குச் சாப்பாடு, படுக்க இடம். பயம் ஒன்றுதான்: தப்பியோடிய ஆட்களை அடையாளம் காண அர்பாப்மார் வரும் நாள். ஹமீதை அவனது அர்பாப் இழுத்துப்போகிற இடத்தை நான் இரண்டுதரம் வாசித்தேன். றெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவிவிட்டு வந்து வாசிக்கிற நூலல்ல இது, நித்திரை கெடும்.

ஆனாலும் எனக்கொரு முரண்பாடு உண்டு. மூன்று வருடங்களுக்கு மேல் ஆட்டுப்பட்டியில் கிடந்தவனுக்கு மறியல் ஓய்விடமாகத் தெரிவது நியாயம். வளைகுடா மறியல் என்றால் இதுதான் என்று வாசகர் எடுத்துக்கொண்டால் அது பிழை. 2019 டிசம்பரில் மனித உரிமைகள் கண்காணிப்பகம் டுபாயின் அல் அவீர் மத்திய சிறைபற்றி வெளியிட்ட அறிக்கையை நாவலுக்குப் பக்கத்தில் வைத்து வாசிக்கவேண்டும். எச்.ஐ.வி. தொற்றுள்ள வெளிநாட்டுக் கைதிகள் தனியே ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தார்கள். அவர்களுக்குரிய மருந்து தாமதித்தது, இடையில் நின்றது என்கிறது அறிக்கை. இது நாள் தவறாமல் எடுக்கவேண்டிய மருந்து. விட்டுவிட்டு எடுத்தால் வைரஸ் மறுபடி பெருகும். மருந்துக்கு மசியாத வகையாக மாறவும் கூடும்.

காசில்லாத நாடா அது? அங்கே வெளிநாட்டவரின் தொற்றுநோய் முதலில் விசா விவகாரம், பிறகுதான் மருத்துவ விவகாரம். போக முன்னம் கொழும்பில் ஒருதரம், போய் இறங்கியபின் ஒருதரம் இரத்தமும் எக்ஸ்றேயும் எடுக்கிறார்கள். எச்.ஐ.வி. கண்டால் திருப்பி அனுப்புவார்கள். 2016இல் எமிரேட்ஸ் விதியை மாற்றி, காசநோய் கண்டவரை அங்கேயே வைத்து மருத்துவம் செய்ய இடம்விட்டது. ஆகவே துரத்துவதைவிட மாற்றுவது புத்தி என்பது அந்த அதிகாரிகளுக்குத் தெரியாததல்ல. எச்.ஐ.விக்கு மட்டும் அந்தப் புத்தி வரவில்லை. எப்படியும் விமானத்தில் ஏற்றப்படப்போகிறவனின் குளிசையை யார் எண்ணிப் பார்ப்பான்? கட்டாரில் 2020 மார்ச்சில் நேபாளத் தொழிலாளரைக் கொரோனாப் பரிசோதனைக்கென்று சொல்லிக் கூட்டிப்போய் அடைத்துவைத்து நாடுகடத்தினார்கள். சர்வதேச மன்னிப்புச் சபை அவர்களில் 20 பேரிடம் பேசி இதை எழுதியது. இனி எந்தத் தொழிலாளி பரிசோதனைக்குத் தானாக வருவான்?

காசநோய்க்கு ஓர் எளிய முறையை உலக சுகாதார நிறுவனம் தொண்ணூறுகளில் பரப்பியது: சுகாதார ஊழியரின் கண்முன்னால் நோயாளி குளிசையை விழுங்கவேண்டும், ஆறு மாதத்துக்கு. யோசித்தால் இதற்கு மறியலைவிட வசதியான இடம் ஏது? ஆள் எங்கும் போகமாட்டான், இருபத்துநாலு மணிநேரமும் காவல். பார்த்து நிற்பவன் யாருக்குப் பதில் சொல்லவேண்டியவன் என்பதுதான் கேள்வி. பிரான்சில் 1994 ஜனவரிச் சட்டம் சிறை மருத்துவத்தைச் சிறை நிர்வாகத்திடமிருந்து பிடுங்கிப் பொது ஆஸ்பத்திரிகளிடம் கொடுத்தது. பிரெஞ்சு மறியல்கள் நெரிசலுக்குப் பேர்போனவை, புகழவேண்டியதில்லை. ஆனால் அங்கே வைத்தியர் சிறை அதிகாரியின் ஆள் அல்ல. ஐ.நா. 2015இல் ஏற்றுக்கொண்ட மண்டேலா விதிகளும் வெளியே கிடைக்கும் அதே தரம் உள்ளேயும் கிடைக்கவேண்டும், எச்.ஐ.விக்கும் காசத்துக்கும் மருந்து அறுபடக்கூடாது என்று சொல்கின்றன.

நஜீப் விமானத்துக்குப் போவதோடு பென்யாமின் நிறுத்திக்கொள்கிறார். அல் அவீரிலிருந்து ஒருவன் மருந்துச் சீட்டுமில்லாமல் கட்டுநாயக்காவில் இறங்குகிறான் என்று வையுங்கள். எந்த ஆஸ்பத்திரிக்குப் போவான், வீட்டில் என்னவென்று சொல்லுவான்? மத்திய கிழக்குக்குப் போய்வந்தவர்கள் எங்களிடையே நிறையப்பேர் இருந்தும் அந்த நாவலை நான் இன்னும் காணவில்லை.