கொம்பு ஒலிபெருக்கியும் கோடி ரூபாயும்

கொம்பு என்றால் மாட்டுக் கொம்பு. அடுத்து ஊதுகின்ற கொம்பு. ஆங்கிலத்தில் 'ஹார்ன்' என்ற சொல்லுக்கும் இவ்விரு பொருளும் உண்டு. திருவிழாப் பந்தலில் கட்டுகிற மைக்செட் குழாயும் இந்த இனமே. இதே இனத்தில் கோடி ரூபாய் ஒலிபெருக்கியும் உண்டு என்பதைச் சென்ற ஆண்டு சென்னைக்குச் சரக்கெடுக்கப் போனபோதுதான் அறிந்தேன். தங்கை மகன் ஓரிடத்துக்கு அழைத்துப்போய்க் கேட்க வைத்தான்.

ஒலித்தது டி.என். இராஜரத்தினம் பிள்ளையின் பழைய தோடி. பொய் சொல்லக் கூடாது. நாயனக்காரர் எதிரே நின்று ஊதினாற்போல் இருந்தது. "மாமா, கடன் போட்டு வாங்கிடலாமா?" என்றான். அவனுக்குச் சொன்ன விடையே இக்கட்டுரை.

முதலில் சிறப்பைப் பார்ப்போம். சாதாரண ஒலிபெருக்கியில் செலுத்தும் மின்சாரத்தில் பெரும்பாலும் நூற்றில் ஒரு பங்குகூட ஒலியாவதில்லை. மீதி சூடாகப் போய்விடும். குறுகத் தொடங்கி விரிகிற குழாயை முன்னே பொருத்தினால், உள்ளே அதிரும் தகட்டுக்குக் காற்று நன்றாகப் பிடி கொடுக்கிறது. தகடு கொஞ்சம் அசைந்தாலே போதும். அசைவு குறைந்தால் ஒலியின் திரிபும் குறையும். அமெரிக்காவில் 1946-இல் பால் கிளிப்ஷ் தொடங்கிய நிறுவனத்தின் 'கிளிப்ஷ்ஹார்ன்' ஒரு வாட்டுக்கு 105 டெசிபல் தரும் என்பது அவர்கள் கணக்கு. 85 டெசிபல் தரும் பெட்டிக்கு அதே ஒலிக்கு 100 வாட் வேண்டும். 1931-இல் 'காளிதாஸ்' பேசிய காலத்தில் பெருக்கிகளின் வலிமை சில வாட்டே. ஆகவே திரையரங்குகள் கொம்பை நாடின. கிளிப்ஷ், அறையின் மூலைச் சுவர்களையே கொம்பின் தொடர்ச்சியாக்கிக் கொண்டார். ஆக, கொம்பு வளர்ந்தது சிக்கனத்தில்!

அது ஆடம்பரமானது எப்படி? விநாடிக்கு 40 அதிர்வுள்ள தாழ்சுரத்தின் அலைநீளம் சுமார் எட்டரை மீட்டர். தனித்து நிற்கும் கொம்பு அதை முழுதாய் ஏந்த, வாய் இரண்டரை மீட்டருக்கு மேல் அகல வேண்டும். ஜெர்மனியின் அவான்ட்கார்டே 'ட்ரியோ' தாழ்சுரக் கொம்புகளுடன் கோடியைத் தாண்டுகிறது. அதற்கேற்ற கூடம் வேறு கட்ட வேண்டும். நம் ஸ்ரீவிஜயபுரத்துக்கு (2024 வரை போர்ட் பிளேர்) என்றால் 1300 கிலோமீட்டருக்கு மேல் கப்பல் கூலி, அப்புறம் உப்புக் காற்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய இசைத்தட்டில் பதியாத தாழ்சுரத்தை எந்தக் கொம்பும் கொண்டு வராது. என்னை உருக்கியதில் பெரும்பங்கு பிள்ளையவர்களின் மூச்சுக்கே. நாகசுரத்தின் அணசும் விரிந்த கொம்புதானே! நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்து செய்யும் நாகசுரம் 2022-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதற்கு மின்சாரமே வேண்டாம்.

"மாப்ளே, கையில மிச்சமும் வீட்டுல பெரிய கூடமும் இருந்தா வாங்கு, அது ஏமாத்து வேலை இல்லே. ரெண்டும் இல்லாம கடன்ல வாங்காதே. அந்த வட்டியில வருஷா வருஷம் பங்குனி உத்திரத்துக்கு இங்கே ஒரு நாயன கோஷ்டியைக் கப்பல்ல வரவழைக்கலாம், ஊரே கேட்கும்" என்றேன்.

அவன் இன்னும் பதில் சொல்லவில்லை.