மெல்லத் தட்டிப் பாருங்கள்

ராத்திரி பதினொன்றரை மணிக்கு மனைவியை எழுப்பி ஹெட்போனை மாட்டிவிட்டேன். "ஒரே நிமிஷம், இதைக் கேளேன்." தூக்கக் கலக்கத்தில் கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு கண்ணைத் திறந்து, "யாருங்க ட்ரம்ஸ் வாசிக்கிறது?" என்றாள்.

யாரும் வாசிக்கவில்லை! படுக்கையறை மூலையில் மேசைமேல் இருக்கும் கணினியில், ஈசிட்ரம்மர் 3 என்ற ட்ரம்ஸ் மென்பொருளில் நான் எழுதிய ரிதம் அது. 'என்ன சத்தம்' என்று கேட்காமல் 'யார்' என்று கேட்டாளே, அந்த ஒரு சொல்லுக்காக நாலு வருஷம் காத்திருந்தேன்.

வீட்டில் பாட்டுப் பதிவு செய்கிறவர்களுக்கு இந்த ஏக்கம் புரியும். கிட்டாரை நேராகச் சொருகிவிடலாம், பாஸும் அப்படியே. போர்வையைத் தொங்கவிட்டுக் குரலைக்கூட எடுத்துவிடலாம். ட்ரம்ஸை மட்டும் அடுக்குமாடி வீட்டில் வாசிக்க முடியாது. இடம் கிடைத்தாலும் ஒரு செட்டுக்கு எட்டுப் பத்து மைக் வேண்டும். மென்பொருள்தான் வழி. முதலில் நான் வைத்திருந்த ஒன்றில் ஸ்நேரை வேகமாக உருட்டினால் தையல் மெஷின் ஓடுவதுபோலக் கேட்கும். ஒரே அடியின் ஒரே பதிவு திரும்பத் திரும்ப ஒலித்ததுதான் காரணம். மனிதக் கை ஒரே அடியை இரண்டு முறை அடிப்பதே இல்லை. நல்ல மென்பொருளில் ஒவ்வொரு ட்ரம்மையும் மெல்ல, நடுத்தரமாக, ஓங்கி என்று பல நிலைகளில் அடித்துப் பதிந்திருப்பார்கள். ஒவ்வொரு நிலையிலும் பல அடிகள் இருக்கும். அவை மாறி மாறி ஒலிக்கும்.

அதனால் மென்பொருள் தேடுகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: மெல்லத் தட்டிப் பாருங்கள். ஓங்கி அடிக்கும் கிக்கும் க்ராஷும் எதில் கேட்டாலும் பிரமாதமாகத்தான் இருக்கும், விளம்பர வீடியோக்களில் வருவதும் அவைதான். கணினி இசைக் குறிப்பான மிடியில் அடியின் வலு 127 வரை போகும். ஸ்நேரை 25-க்கும் 35-க்கும் நடுவில் வைத்து நாலு அடி எழுதிக் கேளுங்கள். சுமாரான மென்பொருளில் அதே பெரிய அடி, ஒலியைக் குறைத்த மாதிரி வரும். நல்லதில் குச்சியின் நுனி தோலைத் தொடுவதும், அடியில் இருக்கும் கம்பிகள் லேசாகச் சலசலப்பதும் கேட்கும். மிருதங்கம் கேட்டுப் பழகிய காதுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. விரல் மென்மையானால் நாதமே வேறாகிவிடும் அல்லவா? அதேதான். ஹை-ஹாட்டையும் இப்படிச் சோதியுங்கள், இறுக்க மூடி, அரைகுறையாகத் திறந்து, முழுக்கத் திறந்து. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது ஒட்டுப்போட்டது தெரிந்தால் அடுத்ததைப் பாருங்கள்.

ஈசிட்ரம்மர் 3 இந்தப் பரீட்சையில் என்னை வாயடைக்க வைத்தது. ஸ்வீடனைச் சேர்ந்த டூன்ட்ராக் நிறுவனம் அதை 2022-ல் வெளியிட்டது. ஒலிகளைப் பெர்லினில் ஹன்ஸா ஸ்டூடியோவில் மைக்கேல் இல்பர்ட் பதிந்திருக்கிறார். 1977-ல் டேவிட் போவி 'ஹீரோஸ்' ஆல்பத்தைப் பதிந்த அதே ஹன்ஸா! ரூம் மைக்கின் ஃபேடரை மெல்ல ஏற்றினால் ஸ்நேருக்குப் பின்னால் அந்தச் சுவர்கள் பதில் சொல்கின்றன. பத்துக்குப் பத்து அறையில் உட்கார்ந்துகொண்டு அந்தக் கூடத்துக் காற்றைக் கேட்பது எப்பேர்ப்பட்ட பாக்கியம்!

அப்புறம் அதிலேயே இருக்கும் பேண்ட்மேட் என்ற வசதி. என் கிட்டார் டிராக்கை இழுத்து அதில் போட்டேன். அது கேட்டுவிட்டு, பொருந்தும் தாளங்களை வரிசையாக எடுத்து நீட்டியது. ஒன்றைப் பிடித்தேன். பல்லவியில் ஹை-ஹாட்டில் இருந்த கையைச் சரணத்தில் ரைடு சிம்பலுக்கு மாற்றினேன், ஒரே சொடுக்கு. மிச்சத்தை என் கையால் எழுதினேன். டாம்களில் ஃபில் ஓடும்போது ஹை-ஹாட் அடிகளை நீக்கினேன், ட்ரம்மருக்கு இரண்டு கைதானே. மூன்றாவது பாரில் ஸ்நேருக்கு முன்னால் இரண்டு கோஸ்ட் நோட், அதாவது மெல்லிய அடிகள், ஒன்று 28, அடுத்தது 34. ஸ்நேரைத் துளி பின்னுக்குத் தள்ளினேன், அவ்வளவுதான், பாட்டு சாய்ந்து உட்கார்ந்துவிட்டது! தாளத் தொகுப்பில் நம்மூர்க் குத்து கிடைக்கவில்லை. ஃப்ளோர் டாமில் ஆறெட்டை நானே எழுதினேன், பறையின் அதிர்வு அதில் அப்படி இறங்குகிறது.

மற்றவற்றையும் சொல்ல வேண்டும். எக்ஸ்எல்என் ஆடியோவின் அடிக்டிவ் ட்ரம்ஸ் 2 கணினிக்குப் பாரமே தராது, திறந்ததுமே பாப் பாட்டுக்குத் தயாரான ஒலி. டூன்ட்ராக்கின் சுப்பீரியர் ட்ரம்மர் 3, மிக்ஸிங்கில் உயிரை விடுகிறவர்களுக்கு. பெல்ஜியத்தின் கேலக்ஸி ஸ்டூடியோவில் ஜார்ஜ் மாசன்பர்க் பதிந்த 230 ஜிபிக்கும் மேலான சமுத்திரம் அது. கிக் அடிக்கும்போது ஸ்நேர் மைக்கில் எவ்வளவு கசிய வேண்டும் என்பதுவரை நம் கையில். ஆனால் பாட்டெழுத உட்காரும் ராத்திரியில் எனக்கு அத்தனை பொத்தான் வேண்டாம். பாட்டுதான் முதலில். காசு செலவழிக்கும் முன் எம்டி பவர் ட்ரம்கிட்டையோ, ஸ்டீவன் ஸ்லேட் ட்ரம்ஸின் இலவசப் பதிப்பையோ இறக்கிப் பாருங்கள். நாலு பாருக்கு ஒரு தாளத்தை எழுதி, அதே மிடியை ஒவ்வொன்றிலும் ஓட்டினால் காதே தீர்ப்புச் சொல்லிவிடும். மெல்லிய அடிகள் நிறைய இருக்கிற தாளமாக எழுதுங்கள்.

அன்றைக்கு ராத்திரி மனைவி ஹெட்போனைத் திருப்பித் தரவில்லை. "முதல்ல இருந்து போடுங்க" என்றாள்.