மேட்டு நிலத்து மறுசிந்தனை

ஆசிரியர் கல்வி சம்பந்தப்பட்ட கருத்தரங்குகளில் இன்று அதிகம் புழங்குகிற சொல் 'மறுசிந்தனைச் செயல்பாடு'. வகுப்பில் தான் செய்ததைத் தானே திரும்பிப் பார்த்து, நாட்குறிப்பாக எழுதி, அதைக் கட்டுரையாக்கி மேடையில் வாசிப்பது. 2009-ல் வந்த ஆசிரியர் கல்விக்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகம் இதை வலியுறுத்தியது. 2014 விதிகளால் பி.எட். இரண்டு வருடப் படிப்பானபோது பாடத்திட்டத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. நல்லதுதான். வாத்தியார் தன்னைத் திரும்பிப் பார்க்கணும்னு ரொம்ப காலமாகக் கேட்டுக்கொண்டிருப்பது நாம்தான். நாம் கேட்டது இதைத்தானா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கட்டுரைகளை வரிசையாக வாசித்தால் ஒரே ஆள் எழுதியது போலிருக்கும். வேகமாக நடத்திவிட்டேன், உணர்ந்தேன், மறுநாள் படம் வரைந்து நடத்தினேன், மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர். 'பின்தங்கிய சூழல்', 'முதல் தலைமுறை', 'மெல்லக் கற்போர்' என்று இடக்கரடக்கல்கள் வரும். ஊர்ப் பெயர் இருக்கும், தெருப் பெயர் இருக்காது. கழிப்பறையைக் கழுவ எந்தப் பிள்ளையை அனுப்பினோம், கடைசி பெஞ்சில் யார் யார் என்பதெல்லாம் இந்த நாட்குறிப்புகளில் ஏறுவதே இல்லை. சிலர் இதற்கு 'பிரதிபலிப்பு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பொருத்தமான பெயர்தான். கண்ணாடியில் அதன் முன்னால் நிற்பவர் முகம்தானே தெரியும்?

இந்தக் கட்டுரைகள் தவறாமல் மேற்கோள் காட்டுகிற ஆள் டொனால்டு ஷோன். 1983-ல் வந்த அவருடைய புத்தகத்தில் ஓர் உருவகம் வருகிறது. ஆய்வும் கோட்பாடும் உறுதியான மேட்டு நிலத்தில் நிற்கின்றன, மனிதர்களுக்கு முக்கியமான பிரச்சினைகளோ கீழே சதுப்பில் கிடக்கின்றன, தொழில் செய்பவர் அந்தச் சேற்றில் இறங்கித்தான் சிந்திக்கிறார் என்கிறார். நமக்கு இது உருவகமே இல்லை. ஊர் மேட்டில், சேரி பள்ளத்தில். ஆனால் ஷோனின் சேற்றில் இறங்கிச் சிந்திக்கிறவர்கள் யார்? கட்டடக் கலைஞர், மனநல மருத்துவர், பொறியாளர், நகரத் திட்டமிடுபவர், மேலாளர். மாட்டுக்குப் பிரசவம் பார்க்கிற கைக்கும், தோலைப் பதம் பார்க்கிற விரலுக்கும், பறையைக் காய்ச்சி ஒலி பார்க்கிற காதுக்கும் செய்யும்போதே சிந்திக்கிற அறிவு இருக்கிறது. அதை 'தொழில்முறை' என்ற சொல் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. அமெரிக்கரைக் குறை சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. அவரை அப்படியே இறக்குமதி செய்து, சேறு என்ற சொல்லைச் சொல்லும்போதுகூட காலில் ஒட்டாமல் பேசுகிற நம்மூர்ப் பேராசிரியர்களைத்தான் கேட்க வேண்டும்.

ஷோனின் முனைவர் பட்ட ஆய்வு ஜான் டூயியைப் பற்றியது. அந்த டூயியிடம் கொலம்பியாவில் படித்தவர் அம்பேத்கர். கருத்தரங்குக் கட்டுரைகளில் டூயி இருக்கிறார், அவருடைய இந்த மாணவர் மட்டும் இல்லை. தடுமாற்றத்தில்தான் சிந்தனை பிறக்கிறது என்றார் டூயி. 1936-ல் 'சாதி ஒழிப்பு' உரையில் அம்பேத்கர் இதை எடுத்துக்கொண்டு நம்ம மண்ணில் வைத்துச் சோதித்துப் பார்க்கிறார். ரயில் பயணமும் கடல் கடந்த பயணமும் இந்துவுக்குச் சாதியைக் கடைப்பிடிக்க முடியாத நெருக்கடிகள். எப்போதும் கடைப்பிடிக்க முடியாத ஒன்றை ஏன் கடைப்பிடிக்க வேண்டும் என்று அவன் தன்னையே கேட்டுக்கொள்வான் என்றுதானே எதிர்பார்ப்போம்? அவன் கேட்பதில்லை. வண்டியில் மீறுகிறான், இறங்கியதும் பழையபடி ஆகிவிடுகிறான். காரணம், பகுத்தறிந்து கேட்பதற்கே சாஸ்திரம் இடம் வைக்கவில்லை. தடுமாற்றம் வந்தும் சிந்தனை வராமல் தடுக்கிற ஏற்பாடு ஒன்று இருக்கிறது என்பது டூயி காணாத இடம். நம்ம ஸ்டாஃப் ரூம் இன்னொரு ரயில் பெட்டி. அங்கே எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடுகிறார்கள். வீட்டுக்குப் போனதும் கல்யாணப் பத்திரிகை பேச ஆரம்பிக்கிறது.

அந்த உரையே ஒரு மாநாட்டுக்காக எழுதப்பட்டதுதான். லாகூர் ஜாத்-பாத் தோடக் மண்டல் தலைமையுரைக்கு அழைத்தது, அச்சில் பார்த்ததும் சில பகுதிகளை நீக்கச் சொன்னது. ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற அவர் மறுத்தார். மாநாடே நடக்கவில்லை. சொந்தச் செலவில் 1500 பிரதிகள் அச்சடித்து வெளியிட்டார்.

போன வருடம் ஒரு கருத்தரங்கில் எம்.எட். படிக்கிற தலித் மாணவி ஒருவர் கட்டுரை வாசித்தார். பயிற்சிக்குப் போன பள்ளியில் சில பையன்கள் நோட்டை அவர் கையில் தராமல் மேசையில் வைத்துவிட்டுப் போவார்களாம். முதலில் அதை நாட்குறிப்பில் 'வகுப்புக் கட்டுப்பாடு' என்ற கட்டத்தில் எழுதியிருக்கிறார். பிறகு அந்தக் கட்டமே தப்பு என்று பட்டிருக்கிறது. யார் கையில் தருகிறார்கள், யார் மேசையில் வைக்கிறார்கள், யார் மணிக்கட்டில் என்ன நிறக் கயிறு என்று ஆறு வாரம் குறித்துவைத்திருக்கிறார். தலைமை தாங்கியவர் 'இது உணர்ச்சிவசப்பட்ட சாட்சியம், ஆய்வுக் கருவி எது, மாதிரி எத்தனை' என்றார். அதற்கு முன் ஒரே வகுப்பை வைத்து வாசித்த நான்கு பேரிடம் அவர் மாதிரியைக் கேட்கவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவரையும் அவர் தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதையொட்டி அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024-ல் கயிறுகளைத் தடை செய்யப் பரிந்துரைத்தது. நீதிபதி பார்த்த கயிறு பேராசிரியர் கண்ணில் படவில்லை.

கோட்பாடு செய்வது மேல்சாதி, தகவல் கொடுப்பது தலித் என்கிற வேலைப் பிரிவினையைக் கோபால் குரு 2002-லேயே சுட்டிக்காட்டிவிட்டார். அதே கட்டுரையில் அவர் நம்மையும் விடவில்லை. கோட்பாடு நமக்கெதுக்கு, பட்ட பாடு போதும் என்கிற மனோபாவத்தையும் கேள்வி கேட்டார். இதைச் சொன்னால் தோழர்கள் சிலருக்குக் கோபம் வரும். 1916 மே 9-ல் கோல்டன்வைசர் கருத்தரங்கில் அம்பேத்கர் சாதி பற்றிய கட்டுரையை வாசித்தபோது அவருக்கு வயது 25. மசூர் ஸ்டேஷனில் சின்னப் பையனாகத் தவித்து நின்ற கதை அதில் கிடையாது. அகமணம்தான் சாதியின் இயக்கம் என்று நிறுவுவதுதான் இருக்கிறது. ஸ்டேஷன் கதை 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற நினைவுக்குறிப்பில் வருகிறது, அது புத்தகமானது 1990-ல்தான். இரண்டும் ஒரே ஆளின் சிந்தனை. ஒன்று அறிவு, மற்றது அழுகை என்று பிரிப்பது மேட்டு நிலத்தின் வேலை. அதை நாமும் எடுத்துச் செய்ய வேண்டியதில்லை. அந்த மாணவி செய்தது இரண்டையும் சேர்த்துத்தான். பட்டதைச் சொன்னார், பட்டதை எண்ணினார், தன்னிடம் தரப்பட்ட கட்டத்தையே சந்தேகித்தார்.

ஐ.எஸ்.பி.என். எண் போட்டுக் கருத்தரங்கத் தொகுப்பு வந்துவிட்டது. அந்தக் கட்டுரை அதில் இல்லை. அவரிடம் கேட்டிருக்கிறேன், பட்டியல்களோடு முழுசாக அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.